ஏரிக்கரை ஊரில் காகிதச் சுருள்

சென்னைக்கு வந்து போகிற சொந்தக்காரர்களிடம் "நாங்கள் செம்பாக்கத்தில் இருக்கிறோம்" என்று சொன்னால், "அது எங்கே இருக்கு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். "தாம்பரம் பக்கத்துல" என்றதும், "ஓ, தாம்பரமா!" என்று தலையை ஆட்டி விடுவார்கள். தாம்பரம் கிழக்கில் வேளச்சேரி போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம் என்று தாண்டி வந்தால் எங்கள் ஊர். முன்பு தனி நகராட்சியாக இருந்தது. 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்த்து விட்டார்கள்.

பார்க்கத் தகுந்த இடங்கள் என்று யாராவது பட்டியல் போட்டால் எங்கள் ஊர் அதில் வராது. கடல் இல்லை, அருவி இல்லை. ஓர் ஏரி இருக்கிறது. சுமார் 100 ஏக்கர். அந்த ஏரியைப் பற்றியும், என் கையில் இருக்கிற காகிதச் சுருளைப் பற்றியும்தான் சகோதரிகளுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஏரிக்கும் காகிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? தண்ணீரும் காகிதமும் ஜன்ம விரோதிகள் ஆயிற்றே! அந்த விரோதத்துக்கு நடுவில் மாட்டிக் கொண்டு விழித்தவள் நான். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் பிறந்ததும் ஏரி ஊரில்தான். மதுராந்தகம். ஏரி காத்த ராமர் கோயில் இருக்கிற ஊர் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெள்ளைக்காரக் கலெக்டர் காலத்தில், கரை உடைந்து விடுமோ என்று ஊரே நடுங்கிய ஒரு மழை ராத்திரியில், ராமரும் லட்சுமணரும் வில்லோடு வந்து நின்று கரையைக் காத்தார்கள் என்று எங்கள் பாட்டி கதை சொல்லுவாள். 2003-ல் கல்யாணமாகி நான் செம்பாக்கத்துக்கு வந்தபோது, "ஒரு ஏரியை விட்டு இன்னொரு ஏரிக்கு வந்திருக்கேம்மா" என்று என் மாமியார் சிரித்தார்கள். அத்தை என்றுதான் அவர்களைக் கூப்பிடுவேன்.

ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்த காலம் அத்தைக்கு ஞாபகம் இருக்கிறது. நான் வந்தபோதே வயல்கள் மனைகளாகி, மனைகள் வீடுகளாகிக் கொண்டிருந்தன. இந்தப் பக்கத்து ஏரிகள் ஒன்றோடு ஒன்று தொடுத்தவை. ஒன்று நிறைந்தால் வழிகிற தண்ணீர் அடுத்ததற்கு இறங்கும். இப்படியே போய்க் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேரும். உலகத்தில் காப்பாற்ற வேண்டிய நீர்நிலைகள் என்று ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்த்தார்களே, அதே பள்ளிக்கரணைதான். தண்ணீருக்கு வழி இருந்தால் அது தன் வழியே போகும். வழியில் வீடு இருந்தால் வீட்டுக்குள் வரும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. கட்டில் காலைப் பார்த்துத் தெரிந்து கொண்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

மகள் கொண்டு வந்த வேலை

2014-ல் என் மகள் நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் வாழ்த்து அட்டை செய்து வரச் சொன்னார்கள். கடையிலிருந்து ஒரு பாக்கெட் வாங்கி வந்தாள். உள்ளே கலர் கலராக மெல்லிய காகித நாடாக்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை அடி நீளம் இருக்கும். "இதைச் சுத்திச் சுத்திப் பூ பண்ணணும்மா. குவில்லிங்னு பேரு" என்றாள். அவளுக்குப் பொறுமை இல்லை. இரண்டு சுருள் சுற்றிவிட்டு விளையாடப் போய்விட்டாள். விட்டுப் போன வேலையை முடிக்க உட்கார்ந்தவள்தான் நான், இன்னும் எழுந்திருக்கவில்லை என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கேலி செய்வார்.

சுற்றுவதற்கு என்று நுனி பிளந்த ஊசி விற்கிறார்கள். அதை வாங்கக் கூட எனக்கு அப்போது தோன்றவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒரு யுக்தி சொல்லிக் கொடுத்தார்கள். கோணி தைக்கிற பெரிய ஊசியின் காது நுனியைக் குறடால் கொஞ்சமாக உடைத்து விட்டால், இரண்டு பல் உள்ள சின்ன கவை மாதிரி ஆகிவிடும். கூர் முனையை ஒரு பழைய பென்சிலின் அடியில் குத்திச் செருகினால் கைப்பிடி தயார். நாடாவின் நுனியை அந்தக் கவையில் மாட்டிச் சுற்ற வேண்டியதுதான். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பென்சில் ஊசிதான் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

முதலில் அத்தைக்கு இதில் துளியும் பிடித்தம் இல்லை. "காகிதத்தைச் சுத்திச் சுத்தி என்னம்மா ஆகப் போகுது? அந்த நேரத்துல ரெண்டு முறுக்குச் சுத்தினாலும் பசங்க திங்கும்" என்பார்கள். நான் பதில் பேச மாட்டேன். ஒரு நாள் சிவப்பு நாடாவை இறுக்கமாகச் சுற்றி வட்டமாக வைத்திருந்தேன். அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "இது காதோலை மாதிரின்னா இருக்கு!" என்றார்கள்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஆடிப் பெருக்கன்று காதோலை கருகமணி வாங்கி அம்மனுக்கு வைக்கிறோமே, அந்தக் காதோலை என்ன? பனையோலையைச் சுருட்டிச் சிவப்புச் சாயம் ஏற்றியதுதானே! பொன்னில் தோடு போட வசதி இல்லாத காலத்தில் ஓலையைச் சுருட்டிக் காதில் போட்டார்கள். தோடு என்ற சொல்லுக்கே ஓலை, பூவிதழ் என்று பொருள் உண்டு. சீமையிலிருந்து வந்த புதுக்கலை என்று நான் நினைத்தது, நம் பாட்டிமார் காதில் தொங்கியதற்கு ஒன்றுவிட்ட தங்கைதான் என்று தெரிந்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது.

சீமைக் கதையையும் சொல்லி விடுகிறேன். பல நூறு வருஷங்களுக்கு முன் ஐரோப்பாவில் கன்னிமடத்துச் சகோதரிகள், புத்தக ஓரங்களில் வெட்டி எறிந்த தங்க விளிம்புக் காகிதத்தைச் சுருட்டிச் சாமி படங்களை அலங்கரித்தார்களாம். சுற்றுவதற்குப் பறவை இறகின் தண்டு. இறகுத் தண்டுக்கு இங்கிலீஷில் குவில். பெயர் வந்தது அப்படித்தான். பிறகு இங்கிலாந்தில் பெரிய வீட்டுப் பெண்கள் தேயிலைப் பெட்டிக்கும் நகைப் பெட்டிக்கும் இந்த வேலை செய்தார்கள்.

இப்போது என் மகள் கல்லூரியில் இங்கிலீஷ் இலக்கியம் படிக்கிறாள். ஜேன் ஆஸ்டின் எழுதி 1811-ல் வெளிவந்த ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ நாவலில் இது வருகிறது என்று அவள்தான் சொன்னாள். ஒரு குழந்தைக்காக ஒருத்தி காகிதச் சுருள் கூடை செய்கிறாள். "நான் உனக்குச் சுருட்டித் தருகிறேன்" என்று இன்னொருத்தி பக்கத்தில் போய் உட்காருகிறாள். எதற்கு? அவளோடு தனியாகப் பேச வேண்டிய விஷயம் இருக்கிறது! இருநூறு வருஷம் கழித்துச் செம்பாக்கத்திலும் அதேதான் நடந்தது. அதுவும் பின்னால் வரும்.

ஆண்டர்சன் தெருவுக்கு ஒரு பிரயாணம்

கையில் பழக்கம் வந்ததும் பாக்கெட் பாக்கெட்டாக அக்கம்பக்கத்தில் வாங்கிக் கட்டுப்படி ஆகவில்லை. "பாரிமுனைக்குப் போ, ஆண்டர்சன் தெருவில் காகிதம் மலிவு" என்றார்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கூட்டம் கூட்டமாகப் போவார்களே, அந்தத் தெருதான்.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் கடற்கரை ஸ்டேஷன் வரை ஒரே வண்டி. 1931-லிருந்து இந்தப் பாதையில் மின்சார ரயில் ஓடுகிறது. காலை பத்து மணி கழித்துப் போனால் ஆபீஸ் கூட்டம் குறைந்து உட்கார இடம் கிடைக்கும். குரோம்பேட்டை, பல்லாவரம், பரங்கிமலை, கிண்டி என்று ஒவ்வொன்றாக ஜன்னலில் நகரும். முதல் தடவை நான் தனியாகப் போனதே அப்போதுதான். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் கூட யாரும் இல்லாமல் பாரிமுனைக்குப் போனதில்லை. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக் கொண்டே போனேன்.

தெருவில் நுழைந்ததும் புதுக் காகித வாசனை. வழியெல்லாம் கட்டுக் கட்டாகக் காகிதம் தலையில் சுமந்து போகிறவர்கள். கடைக்காரர் என்னைப் பார்த்து, "எத்தனை ஜி.எஸ்.எம். வேணும்மா?" என்றார். நான் திருதிருவென்று விழித்தேன். அவரே பொறுமையாகச் சொன்னார்: ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் எடை என்பதுதான் அந்தக் கணக்கு. ஜெராக்ஸ் எடுக்கிற காகிதம் 70, 80 இருக்கும். சுருட்டுவதற்கு 100 முதல் 120 வரை இருந்தால் சுருள் தொய்யாமல் நிற்கும். அதற்கு மேல் தடித்தால் சுற்றும்போது மடிந்து விடும். ஒரு குடும்பப் பெண்ணுக்கு இவ்வளவு விவரம் சொல்ல வேண்டும் என்று அவருக்கு என்ன கட்டாயம்? அன்றைக்கு அவர் சொன்னதுதான் எனக்குப் பாடம்.

காகிதம் என்றால் மரத்திலிருந்து வருவது என்று மட்டும் நினைத்துக் கொண்டிருந்தேன். நம் கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில், 1984-லிருந்து நடக்கிற தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலையில், கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறார்கள். பொங்கலுக்குக் கடித்துத் துப்புகிற சக்கைதான்! நினைத்தால் வேடிக்கையாக இல்லை?

அந்த டிசம்பர்

2015 ஐப்பசியில் எனக்கு முதல் ஆர்டர் வந்தது. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஓர் அம்மா. தை மாதத்தில் பெண்ணுக்குக் கல்யாணம். தாம்பூலப் பையில் வைக்கக் காகிதச் சுருளில் குங்குமச் சிமிழ் 100 வேண்டும். ஒன்று 30 ரூபாய். கையில் 1,000 ரூபாய் முன்பணம் கொடுத்தார்கள். அந்த ஆயிரத்தை சாமி படத்தின் முன் வைத்துவிட்டு, மறுநாளே ஆண்டர்சன் தெருவுக்குப் போய் நாடாவாக வாங்கி வந்துவிட்டேன். ஒரு சிமிழுக்கு 30 நாடா. நூறு சிமிழுக்கு 3,000 நாடா. நூறு நாடா பாக்கெட் 35 ரூபாய் என்று 1,050 ரூபாய் ஆயிற்று.

நவம்பர் முழுக்க மழை. ஈரக் காற்றில் பசை காயவே இல்லை. இருந்தாலும் நாற்பது சிமிழ் முடித்து, அட்டைப் பெட்டியில் அடுக்கி, குழந்தைகள் கை படாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன். மீதி நாடாவும் அதிலேயே.

டிசம்பர் 1-ஆம் தேதி விடாமல் கொட்டியது. மறுநாள் காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டி மீட்டர் மழை என்று பிற்பாடு பேப்பரில் வந்தது. ராத்திரி கரண்டு போயிற்று. பிள்ளைகளைக் கட்டிலில் ஏற்றிப் படுக்க வைத்தோம். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், ரேஷன் கார்டு, பத்திரம் என்று ஒவ்வொன்றாக மேலே ஏற்றினோம். கணுக்காலில் இருந்த தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. விடியற்காலை டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் கட்டிலுக்கு அடியிலிருந்து அட்டைப் பெட்டி தானாக மிதந்து வெளியே வந்தது. அப்போதுதான் எனக்கு அதன் ஞாபகமே வந்தது!

திறந்து பார்த்தேன். சிவப்பும் மஞ்சளும் கலந்து கூழாகக் கிடந்தது. மாவு பிசைந்த மாதிரி. என் ஒரு மாத உழைப்பு. அடுத்தவர் கொடுத்த ஆயிரம் ரூபாய். உயிரோடு இருக்கிறோமே, அது போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். வாஸ்தவம்தான். ஊரில் எத்தனையோ பேர் எவ்வளவோ இழந்திருக்கிற நேரத்தில், காகிதச் சிமிழுக்காக அழுதால் யாராவது என்ன நினைப்பார்கள்? அதனால் சமையலறையில் போய் அழுதேன்.

அத்தையின் விரல்

தண்ணீர் வடிந்து, வீட்டைக் கழுவித் துடைத்து, ஒரு வாரம் ஆயிற்று. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து விடலாம் என்று வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கிக் கொண்டு அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். அவர்கள் வீட்டுச் சுவரிலும் இடுப்பளவுக்குத் தண்ணீர்க் கோடு. மெத்தையெல்லாம் மொட்டை மாடியில் காய்ந்து கொண்டிருந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "கல்யாணத்தைச் சுருக்கமா வெச்சுக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம்மா. நூறு வேணாம். அறுபது பண்ணிக் குடுக்க முடியுமா?" என்றார்கள். முடியாது என்று சொல்லத்தான் போனேன். "முடியும்" என்று வாய் சொல்லி விட்டது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால் தலை சுற்றியது. கையில் இருந்தது முப்பது நாள். இரண்டு பிள்ளைகள், வீட்டு வேலை, ஈரம் காயாத சுவர். ரயில் மறுபடி ஓட ஆரம்பித்ததும் போய் 630 ரூபாய்க்கு நாடா வாங்கி வந்தேன். அன்று ராத்திரி உட்கார்ந்து சுற்றிக் கொண்டிருந்தேன். அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். "எங்கே, ஒண்ணைக் குடு" என்றார்கள். ஊசியை நீட்டினேன். "அதெல்லாம் எனக்கு வேணாம்" என்று நாடாவின் நுனியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஓர் உருட்டு உருட்டினார்கள் பாருங்கள்! நான் ஊசியில் சுற்றியதை விட இறுக்கமாக வந்தது.

ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. ஐம்பது வருஷமாக விளக்குத் திரி திரித்த விரல் அது. கார்த்திகை வந்தால் தெரு முழுவதற்கும் அத்தைதான் திரி திரித்துக் கொடுப்பார்கள். அந்தக் கைக்கு இது எம்மாத்திரம்?

ஒட்டுவது நான், உருட்டுவது அத்தை. தினமும் ராத்திரி ஒன்பதிலிருந்து பதினொன்று வரை. பன்னிரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் நானும் அத்தையும் சமையல், சாமான், பிள்ளைகள் தவிர வேறு பேசியதில்லை. அந்த முப்பது ராத்திரியில்தான், அவர்கள் கல்யாணமாகி வந்தபோது ஏரிக் கரையில் துணி துவைத்தது, முதல் குழந்தை தங்காமல் போனது, தையல் வகுப்புக்குப் போக ஆசைப்பட்டு மாமனாரிடம் கேட்கப் பயந்தது எல்லாம் சொன்னார்கள். "உன் இஷ்டத்துக்கு நீ ஒண்ணு பண்றே. நான் தடுத்திருக்கக் கூடாது" என்றார்கள். தலையைக் குனிந்து கொண்டு சுற்றிக் கொண்டிருந்ததால் இருவருக்கும் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

அறுபது சிமிழும் கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பே கொடுத்தோம். கணக்கையும் மறைக்காமல் சொல்கிறேன். வரவு 1,800. செலவு, வெள்ளத்தில் போன காகிதம் 1,050, மறுபடி வாங்கியது 630, பசையும் வார்னிஷும் 200. ஆக 1,880. நஷ்டம் 80 ரூபாய்! ரயில் சார்ஜ் தனி. ஆனால் தண்ணீர் கொண்டு போனது காகிதத்தைத்தான், கைப் பழக்கத்தை அல்ல என்பதை அந்த 80 ரூபாய் கொடுத்துத் தெரிந்து கொண்டேன். அதற்குப் பிறகு நஷ்டம் வந்ததில்லை. காகித விலையோடு என் நேரத்துக்கும் ஒரு விலை போட்டுத்தான் ஆர்டர் எடுக்கிறேன். "காகிதம்தானே, இவ்வளவா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு நாடாவைக் கொடுத்துச் சுற்றிப் பார்க்கச் சொல்வேன். அப்புறம் பேரம் பேச மாட்டார்கள்.

நீங்களும் செய்து பாருங்கள்

முதலில் அடிப்படை வடிவங்கள். நாடாவை இறுக்கமாகச் சுற்றி நுனியில் பசை வைத்தால் இறுக்கச் சுருள். சுற்றியதைக் கையை விட்டுக் கொஞ்சம் விரிய விட்டு ஒட்டினால் தளர்ந்த சுருள். தளர்ந்த சுருளின் ஒரு பக்கத்தை மட்டும் கிள்ளினால் நீர்த்துளி வடிவம். எதிர் எதிராக இரண்டு பக்கம் கிள்ளினால் கண் வடிவம். ஐந்து நீர்த்துளியைக் கூர்ப் பக்கம் உள்ளே வருமாறு சேர்த்து, நடுவில் ஓர் இறுக்கச் சுருள் வைத்தால் பூ. கண் வடிவத்தைப் பச்சையில் செய்தால் இலை. வாழ்த்து அட்டைக்கு இவ்வளவு போதும். இதற்கு 3 மில்லி மீட்டர் அகல நாடா நல்லது.

ஜிமிக்கி செய்ய 5 மில்லி மீட்டர் நாடா வேண்டும். ஆறு நாடாவை நுனிக்கு நுனி ஒட்டி ஒரே நீள நாடாவாக்கி இறுக்கமாகச் சுற்றினால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டம் வரும். அதைப் பெரிய கோலிக் குண்டின் மேல் வைத்து, நாலு பக்கமும் மெதுவாக அழுத்திக் குடை மாதிரி ஆக்கவும். உட்பக்கம் முழுவதும் பசையைத் தடவி ஒரு ராத்திரி காய விடவும். இதை மறந்தால் குடை சரிந்து ஸ்பிரிங் மாதிரி இறங்கிவிடும். பிறகு வெளிப்பக்கம் வார்னிஷ் இரண்டு பூச்சு. விளிம்பில் முத்து கோத்து, மேலே கொக்கி மாட்டினால் ஜிமிக்கி தயார். எடையே தெரியாது. காது கனக்கிறது என்கிறவர்களுக்கும் சௌகரியம்.

குங்குமச் சிமிழுக்குப் பதினைந்து நாடா சேர்த்துச் சுற்றினால் ஒன்றரை அங்குல வட்டம் வரும். சின்னக் கிண்ணத்தின் அடியில் வைத்து அழுத்திக் குழியாக்கவும். இது அடிப்பாகம். இதே போல இன்னொன்று மேல் மூடி. அடியில் நிற்பதற்கு ஒரு சின்னக் காகித வளையம் ஒட்டிக் கொள்ளவும். குங்குமத்தை அப்படியே கொட்டாமல் சிறு பாக்கெட்டில் போட்டு வைத்தால் கறை படாது.

ஈரத்திலிருந்து காப்பாற்ற

காகிதத்தின் நார் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உப்பும். அதனால்தான் மழைக் காலத்தில் சுருள் தளர்ந்து போகிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெரிய ஆர்டர்களுக்கு ஒரு வாரம் கூடுதலாகத் தவணை கேளுங்கள். பசையைக் கொஞ்சமாக, பல் குச்சி நுனியில் தொட்டு வையுங்கள். வார்னிஷ் பூசும் முன் ஒரு துண்டுக் காகிதத்தில் பூசிச் சாயம் கலங்குகிறதா என்று பாருங்கள். சில சிவப்பும் கறுப்பும் கலங்கும். வார்னிஷ் பூசினால் வியர்வையையும் தூறலையும் தாங்கும். தண்ணீரில் ஊறினால் தாங்காது. முடித்த பொருளை மூடி இறுக்கமான டப்பாவில், புதுச் செருப்புப் பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு வைக்கலாம். அந்தப் பொட்டலம் குழந்தைகள் கையில் கிடைக்கக் கூடாது. டப்பாவை எங்கே வைப்பது என்றால், கட்டிலுக்கு அடியில் மட்டும் வேண்டாம்!

உடம்பையும் பார்த்துக் கொள்ள வேண்டும். குனிந்தபடி மணிக் கணக்கில் உட்கார்ந்தால் கழுத்து பிடித்துக் கொள்ளும். மடியில் தலையணை வைத்து அதன் மேல் தட்டை வைத்துக் கொண்டால் குனிய வேண்டியதில்லை. வெளிச்சம் நன்றாக இருக்கட்டும். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து ஜன்னல் வழியாகத் தூரத்தில் பார்த்துக் கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள். வயதானவர்களுக்கு விரல் வலித்தால் அன்றோடு நிறுத்தி விடுங்கள். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் ஊசி, முத்து, சின்னச் சுருள் எல்லாம் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். வார்னிஷ் பூசும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இப்போது எங்கள் ஏரி

கழிவு நீரும் ஆகாயத் தாமரையுமாகக் கிடந்த எங்கள் ஏரியைச் சீராக்க, நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் அறக்கட்டளை, சென்னை ஐ.ஐ.டி. மூன்றும் சேர்ந்து வேலை செய்தார்கள். சாயங்காலம் கரைப் பக்கம் நடந்தால் கொக்கும் நீர்க்கோழியும் பார்க்கலாம். செம்பாக்கத்துக்கு வருகிறவர்களை நான் அங்கேதான் கூட்டிக் கொண்டு போவேன். பார்க்கத் தகுந்த இடம் இல்லை என்று முதலில் எழுதியது, வெளியூர்க்காரர்கள் போடுகிற பட்டியலைத்தான்!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, அப்போதும் தெருவில் தண்ணீர் ஏறியது. வாசற்படி வரை வந்து நின்றது. அத்தை என்னிடம் முதலில் கேட்ட கேள்வி, "அரிசி எங்கே?" அல்ல. "உன் காகிதம் எங்கே?" என்பதுதான். "பரண் மேல, டிரம்முல இருக்கு அத்தை" என்றேன். "அப்ப சரி" என்று படுத்துக் கொண்டார்கள்.

அத்தைக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. விரல் முன் போல் ஓடவில்லை. ஒரு நாளைக்கு நாலு சுருள், ஐந்து சுருள். அவர்கள் உருட்டியதை நான் தனியாக ஒரு டப்பாவில் சேர்த்து வருகிறேன். போன ஆடிப் பெருக்கன்று கடையில் காதோலை வாங்கவில்லை. அத்தை கையால் சிவப்புக் காகிதத்தில் ஒரு ஜோடி உருட்டித் தந்தார்கள். கருகமணியோடு அதையும் வைத்து, குடத்துத் தண்ணீருக்கு முன்னால் கற்பூரம் காட்டினோம். பூஜை முடிந்ததும் அதை எடுத்துத் துடைத்து என் டப்பாவில் பத்திரப்படுத்திக் கொண்டேன்.

உங்கள் வீட்டிலும் திரி திரித்த விரல்களோ, பூத் தொடுத்த விரல்களோ சும்மா மடியில் கிடக்கலாம். ஒரு நாடாவைக் கையில் கொடுத்துப் பாருங்கள், சகோதரிகளே. சுருள் வருகிறதோ இல்லையோ, பேச்சு வரும்.